புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரும் தாம்பத்தியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

61 வயதில் எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். மூன்றரை வருடம் ஆகிறது. அதே ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் போய் வந்தவர்களும் யாரையாவது பிடித்து என் நம்பரை வாங்கிப் பேசுகிறார்கள். பேச்சு பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) அளவில் ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரி பில்லுக்குப் போகும், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று சுற்றும். போனை வைக்கப் போகும்போதுதான் "இன்னொண்ணு கேக்கணும் சார்" என்று குரல் தணியும். அந்த "இன்னொண்ணு"களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் யூராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு நடந்தது எந்த ஆபரேஷன் என்றே தெரியவில்லை. "புராஸ்டேட்டை எடுத்தாச்சு" என்றார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு வேறு ஆபரேஷன்களுக்கும் ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள். வயதானால் சுரப்பி வீங்கி சிறுநீரை அடைப்பதற்குச் செய்வது டியுஆர்பி, அல்லது லேசர். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையை உள்ளிருந்து சுரண்டி எடுப்பார்கள். மேலோடு அப்படியே இருக்கும். புற்றுநோய்க்குச் செய்வது வேறு. சுரப்பி, விந்துப்பைகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே உள்ள குழாயோடு தைப்பார்கள்.

முதல் வகை என்றால் விறைப்புக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. விந்து மட்டும் வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகும், அப்புறம் சிறுநீரோடு வெளியேறிவிடும். முதல் சில வாரம் அவசரமும் எரிச்சலும் இருக்கும், பிறகு அடங்கும். இந்தப் பக்கத்தில் இனி வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு.

சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்த நிமிடமே சிறுநீர் கொட்டியது. ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டதா?

எனக்கும் அதே பயம்தான். பன்னிரண்டாம் நாள் நர்ஸ் வந்து, டியூபின் பலூனில் இருந்த தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, "மூச்சை விடுங்க ஐயா" என்று உருவினார். எழுந்து நின்று ஒரு இருமல். வலது கால் வழியாக இறங்கி செருப்புக்குள் போனது. மனைவி பையிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டாளே தவிர ஒன்றும் பேசவில்லை.

விஷயம் இதுதான். சிறுநீரைப் பிடித்துவைக்க நமக்கு இரண்டு பூட்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருக்கிறது, நாம் நினைக்காமலே அது வேலை செய்யும். சுரப்பியை எடுக்கும்போது அதுவும் பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று அதற்குக் கீழே உள்ள சுருக்குத்தசை. அறுபது வருடமாக எடுபிடியாக இருந்த அந்தத் தசை ஒரே நாளில் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால், குடத்தைத் தூக்கினால் கசியும். படுத்திருக்கும்போது கசிவு குறைவாக இருப்பதும், சாயந்திரத்தில் அதிகமாவதும் இதனால்தான். தசை காலையிலிருந்து உழைத்துக் களைத்துவிடுகிறது.

எவ்வளவு நாளில் நிற்கும்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெருமளவு சரியாகிவிடும். பிரிட்டனில் "புரொடெக்ட்" என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 50 முதல் 69 வயதுக்காரர்களை வைத்து. 2016-ல் வெளியான முடிவில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆறாம் மாதத்தில் 46 சதவீதம் பேர் கசிவை உறிஞ்சும் பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வருடத்தில் அது 17 சதவீதம். ஆக, ஆறாம் மாதத்தில் பேடு வைத்திருப்பது தோல்வி அல்ல, கிட்டத்தட்டப் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் புத்தி, நான் எடை போட ஆரம்பித்தேன். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசுக்கு ஒரு பாலித்தீன் கவர் போட்டு, நனைந்த பேடின் எடையிலிருந்து காய்ந்த பேடின் எடையைக் கழித்தேன். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. அன்றன்றைய மொத்தத்தைத் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவைப்பேன். முதல் வாரம் நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேல். ஆறாம் வாரம் 180. அப்புறம் பேரன் காதுகுத்துக்கு அலைந்த இரண்டு நாள் 260. மூன்றாம் மாதக் கடைசியில் 40. கிராஃப் நேராக இறங்காது, ஏறி ஏறித்தான் இறங்கும். எழுதிவைக்காமல் இருந்திருந்தால் அந்த 260 வந்த அன்றே நம்பிக்கை விட்டிருப்பேன். (தராசு பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. புதிது வாங்கிக் கொடுத்தேன்.)

கசிவை நிறுத்தக் கீகல் பயிற்சி என்கிறார்கள். எந்தத் தசை என்றே பிடிபடவில்லை.

அதுதான் இதில் கடினமான பகுதி. பாதிப் பேர் வயிற்றை எக்குகிறார்கள், மீதிப் பேர் பிட்டத்தை இறுக்குகிறார்கள். இரண்டும் தப்பு. ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் பிரசவித்த பெண்களுக்காகச் சொன்ன பயிற்சி இது. ஆண்களுக்கு வந்தது பிற்பாடு.

தசையைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு வரி. "மார்கழி மாசம் ஆத்துல இறங்குறீங்க, தண்ணி இடுப்புக்கு வருது, அப்ப கீழே எல்லாம் சுருங்கி மேலே ஏறும்ல, அதை நீங்களா செய்யணும்." ஆணுறுப்பை உள்ளே இழுப்பது போலவும் விதைப்பையை மேலே தூக்குவது போலவும் நினைக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் உறுப்பின் அடிப்பாகம் லேசாக உள்ளே போவது தெரியும். வயிறு, தொடை, பிட்டம் தளர்வாக இருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஓரிரு முறைக்கு மட்டும் சரி. அதையே பயிற்சியாக்கிக்கொள்ளாதீர்கள்.

வழக்கமாகச் சொல்வது: இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விட வேண்டும், இப்படிப் பத்துத் தடவை. பிறகு படபடவென்று பத்துச் சின்ன இறுக்கல். ஒரு நாளில் மூன்று வேளை. ஆரம்பத்தில் மூன்று எண்ணுவதற்குள்ளேயே நழுவும், பரவாயில்லை. நூறு இருநூறு என்று செய்து தசையைக் களைப்பாக்கினால் அன்று சாயந்திரம் இன்னும் கொட்டும். டியூப் இருக்கும்போது செய்யக் கூடாது. ஆபரேஷனுக்கு நாலைந்து வாரம் முன்பே பழகிவிட்டால் எந்தத் தசை என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

இதைவிடவும் பயன்பட்டது ஒரு பழக்கம். எழுவதற்கு முன்பு, இருமுவதற்கு முன்பு, பேரனைத் தூக்குவதற்கு முன்பு ஒரு இறுக்கு, அப்புறம் வேலை. இரண்டு மாதத்தில் அது தானாகவே வர ஆரம்பித்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பிசியோதெரபிஸ்ட் வைத்துப் பயிற்சி கொடுத்தவர்களையும் வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களையும் ஒப்பிட்டு 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் காசு கட்டி ஐம்பது நாள் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. சரியான தசையைக் காட்டிக்கொடுக்க ஒன்றிரண்டு தடவை பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் கசிவு குறையுமா?

குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலாக்கும், மலச்சிக்கலும் வரும், முக்கினால் இன்னும் கசியும். குறைக்க வேண்டியது காபி, டீ, மது. நான் நாலு காபியை ஒன்றாக்கினேன். ஆபரேஷனைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

டயப்பரா, பேடா?

முதல் இரண்டு மூன்று வாரம் பெரியவர்களுக்கான டயப்பர். பிறகு ஜட்டிக்குள் ஒட்டும் பேடு. ஆண்களுக்கென்றே முன்பக்கம் தடித்த பேடு ஆன்லைனில் கிடைக்கிறது. நம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெண்களுக்கானதைத்தான் தருவார்கள், ஓரளவுக்கு அதுவும் உதவும். இறுக்கமான ஜட்டி அவசியம். வேட்டிக்குள் தளர்வான அண்டர்வேர் போட்டால் பேடு நழுவிவிடும், நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். ஈரத்தோடு உட்காராதீர்கள், தொடை இடுக்கு வெந்துவிடும். பேடு மாற்றும்போது கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும்.

ஒரு வருடம் தாண்டியும் நாளுக்கு மூன்று பேடு ஆகிறது. இதுதான் வாழ்க்கையா?

இல்லை. ஆனால் சும்மா இருந்தாலும் போகாது. டாக்டரிடம் திரும்பப் போங்கள். முதலில், கசிவது எப்படி என்று பார்ப்பார்கள். இருமினால் கசிவது வேறு, "வருது" என்றதும் பாத்ரூமுக்குப் போவதற்குள் போய்விடுவது வேறு. இரண்டாவதற்கு மாத்திரை உண்டு. நன்றாக இருந்த ஓட்டம் நூலாக மெலிந்து கசிவும் கூடினால், தைத்த இடத்தில் தழும்பு சுருங்கி அடைத்திருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை.

தசையே பலவீனம் என்றால் இரண்டு வழி. கசிவு லேசு அல்லது நடுத்தரம் என்றால், குழாயைக் கீழிருந்து தாங்கும் வலைப் பட்டை. அதிகம் என்றால் செயற்கைச் சுருக்குத்தசை. குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு வளையம், விதைப்பைக்குள் ஒரு குட்டி பம்ப், வயிற்றுக்குள் ஒரு பலூன். பம்பை அழுத்தினால் வளையத்தின் நீர் பலூனுக்குப் போய்க் குழாய் திறக்கும். சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். 1980-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விலை அதிகம், இந்தியாவில் போடத் தெரிந்த இடமும் குறைவு. இது வைத்திருப்பவர் பர்ஸில் ஒரு அட்டை எழுதி வைத்திருக்க வேண்டும். வேறு ஏதோ சிகிச்சைக்குப் போன இடத்தில் தெரியாமல் யூரின் டியூப் போட்டால் குழாய் கிழிந்துவிடலாம்.

விறைப்பு ஏன் போகிறது? டாக்டர் "நரம்பைக் காப்பாத்தியாச்சு" என்றாரே.

விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் பின்புறமாக, வெங்காயத்தின் மேல் சருகு ஒட்டியிருப்பது போல ஒட்டி ஓடுகின்றன. ஒரு காலத்தில் அவை எங்கே ஓடுகின்றன என்றே சரியாகத் தெரியாது, இந்த ஆபரேஷன் செய்தவர்கள் அநேகமாக எல்லாருக்கும் விறைப்பு போய்விடும். 1981-ல் ஹாலந்தின் லைடன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பாட்ரிக் வால்ஷும் இறந்து பிறந்த ஒரு சிசுவின் உடலில் அந்த நரம்புகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களின் உடலில் கொழுப்பு மறைத்திருந்தது சிசுவில் தெளிவாகத் தெரிந்தது. மறு வருடம் ஏப்ரலில் வால்ஷ் நரம்பை விட்டுவைத்து முதல் ஆபரேஷன் செய்தார்.

ஆனால் "காப்பாத்தியாச்சு" என்றால் வெட்டவில்லை என்று மட்டும்தான் பொருள். இழுபட்டு, சூடுபட்டு, நசுங்கிய நரம்பு மயங்கிக் கிடக்கும். அது விழிக்க மாதக்கணக்கு ஆகும். நோய் ஓரத்துக்கு வந்திருந்தால் ஒரு பக்கத்தையோ இரண்டையுமோ எடுத்தே ஆக வேண்டியிருக்கும். ஒரு பக்கமா, இரு பக்கமா, எதுவுமே இல்லையா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இனி எதை எதிர்பார்க்கலாம் என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ரோபோவில் செய்தால் இந்தப் பிரச்சினை இல்லையாமே?

ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். மற்றபடி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோவையும் திறந்த ஆபரேஷனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டதில், இரண்டு வருட முடிவில் சிறுநீர், விறைப்பு இரண்டிலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. மிஷினைவிட அதை ஓட்டும் கை முக்கியம். "இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

விறைப்பு எப்போது திரும்பும்?

சிறுநீருக்கு மாதக் கணக்கு என்றால் இதற்கு வருடக் கணக்கு. ஒன்றரை, இரண்டு வருடம்வரை முன்னேற்றம் வந்துகொண்டிருக்கும். சிலருக்கு மூன்றாம் வருடத்திலும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், ஆரம்பத்தில் 67 சதவீதம் பேருக்கு உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆபரேஷன் அணியில் ஆறாம் மாதத்தில் அது 12. மூன்றாம் வருடத்தில் 21. எல்லா வயதும், நரம்பு காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றப்படாதவர் எல்லாரும் அதில் சேர்த்தி. ஐம்பதுகளில் இருப்பவர், முன்பு நல்ல விறைப்பு இருந்தவர், சர்க்கரை இல்லாதவர், இரு பக்க நரம்பும் தப்பியவர் என்றால் வாய்ப்பு இதைவிட நல்லது. இருந்தாலும் "ஆறு மாசத்துல பழையபடி ஆயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஏழாம் மாதத்தில் மனம் ஒடிந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் பேசுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதிகாலையில் லேசாக ஒரு அசைவு எனக்குத் தெரிந்தது பதினான்காம் மாதத்தில்.

உறுப்பு ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டையாகத் தெரிவதும் உண்மைதான். பலர் வாய் திறந்து கேட்கவே மாட்டார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

விந்து வராதா? அப்புறம் இன்பம் எங்கே?

விந்து வராது. அதைச் சுரக்கும் இடங்களையே எடுத்துவிட்டார்கள், விந்துக் குழாயையும் கட்டிவிட்டார்கள். இயற்கையாகக் குழந்தை பெற முடியாது. அந்த எண்ணம் இருப்பவர் ஆபரேஷனுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும். ஆனால் உச்சம் வரும். அதற்கான நரம்பு வேறு, அது தொடப்படுவதில்லை. விறைப்பே இல்லாதபோதும் உச்சம் வரும் என்று சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள், ஆனால் நிஜம். சிலருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சிறுநீர் வந்துவிடும். முன்கூட்டியே போய்விட்டு வாருங்கள், ஆணுறை போட்டுக்கொள்ளலாம், ஒரு துண்டு விரித்துக்கொள்ளலாம். காயம் ஆற ஆறு வாரமாவது விட்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மாத்திரை போட்டால்?

சில்டெனாஃபில், டாடலாஃபில் இரண்டுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். முதலாவதை ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது போட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டு "வேலை செய்யல" என்றவர்கள் உண்டு. இரண்டாவது 36 மணி நேரம் தாங்கும், தினமும் 5 மி.கி. என்றும் தருவார்கள். இரண்டுமே தானாக விறைப்பைக் கொண்டுவராது, தொடுதலும் ஆசையும் வேண்டும். நரம்பிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் மாத்திரை அதைப் பெருக்கும். ஆகவே நரம்பு மயங்கிக் கிடக்கும் முதல் மாதங்களில் பலிக்காமல் போனால் மருந்தைக் குப்பையில் போடாதீர்கள். நாலைந்து மாதம் கழித்துத் திரும்ப முயலுங்கள். தினமும் போட்டால் நரம்பு சீக்கிரம் விழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் பல டாக்டர்கள் தருகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை, அல்லது நிக்கோராண்டில் எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை போட்ட அன்று நெஞ்சுவலி வந்தால், ஆஸ்பத்திரியில் கூச்சப்படாமல் "இன்னது போட்டிருக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மாத்திரை பலிக்காவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. வெற்றிடப் பம்ப் இருக்கிறது: குழாய்க்குள் உறுப்பை வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் நிரம்பும், அடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். முப்பது நிமிடத்துக்குள் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தும் நீலம் பாரித்தும் இருக்கும். எனக்கும் மனைவிக்கும் முதல் தடவை சிரிப்புதான் வந்தது, அன்றைக்கு அதோடு சரி.

அடுத்தது உறுப்பின் பக்கவாட்டில் நாமே போடும் ஊசி. கேட்கவே கூசும், ஊசி என்னவோ இன்சுலின் ஊசி மாதிரி மெல்லியதுதான். நரம்பைக் கேட்காமல் நேராக வேலை செய்வதால் மாத்திரை பலிக்காதவர்களுக்கும் பலிக்கும். முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் போட்டு அளவைக் கண்டுபிடிப்பார்கள். விறைப்பு நாலு மணி நேரம் தாண்டி அடங்காவிட்டால் நடு இரவானாலும் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, உள்ளே பொருத்தும் கருவி. வளைத்து நிமிர்த்தும் தண்டு வகையும் உண்டு, நீரேற்றும் பம்ப் வகையும் உண்டு. தண்டு வகை இந்தியாவிலேயே தயாராகிறது, விலை குறைவு. இதைப் பொருத்தினால் இயற்கை விறைப்பு திரும்பும் வழி அடைபடும், ஆகவே நரம்புக்குரிய இரண்டு வருடத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

லேகியம், "ஆண்மைக்குறைவுக்கு" லாட்ஜ் வைத்தியர்?

அவர்களின் போஸ்டரைப் பார்த்து நானும் ஒரு நாள் நம்பரைக் குறித்துக்கொண்டவன்தான். அறுத்தெடுத்த இடத்தில் நசுங்கிய நரம்பை எந்த லேகியமும் சரிசெய்யாது. "மூலிகை" என்று விற்ற பல மாத்திரைகளில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. இருதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று மேலே சொல்லிவிட்டேன்.

(ஒரு அம்மா கேட்டது) அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் படுப்பதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் இல்லையம்மா. தொட்டால் நீங்கள் அதற்கு மேல் எதிர்பார்ப்பீர்கள், தன்னால் முடியாது என்ற பயம் அவருக்கு. ஈரம், வாடை என்ற கூச்சம் வேறு. நான் எட்டு மாதம் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன், முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு. ஒரு நாள் அவளே தலையணையோடு வந்து பக்கத்தில் படுத்து, "எனக்கும் முதுகு வலிக்குது" என்றாள். நீங்களும் "ஒன்றும் வேண்டாம், சும்மா பக்கத்தில் இருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போங்கள். புற்றுநோய் உங்களுக்கு ஒட்டுமோ என்று அவர் ஒதுங்கியிருந்தால், ஒட்டாது. நோயை அடக்க அவருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அதில் ஆசையே வடிந்துவிடும், அது அவர் மனம் மாறியதால் அல்ல.

எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு உப்பினால், ரத்தம் கட்டி கட்டியாக வந்தால், குளிர்ஜுரம் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கல்யாணம், வெளியூர் பஸ் எல்லாம் போகலாமா?

போகலாம். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்க வேண்டாம், சைக்கிள் வேண்டாம். அப்புறம் தாராளமாக. மண்டபத்தில் நடுவரிசையில் மாட்டிக்கொள்ளாமல் ஓரத்து நாற்காலி பிடியுங்கள், போனதும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துவையுங்கள். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், வேகத்தடையில் தூக்கிப் போடும். ரயில் என்றால் கவலையே இல்லை. தோள்பையில் இரண்டு பேடு, ஒரு ஜட்டி, ஒரு பாலித்தீன் கவர், ஒரு கருநீல லுங்கி. என் பையில் அந்த லுங்கி இன்னும் மடித்தபடியே இருக்கிறது. ஒன்றரை வருடமாக அதைப் பிரிக்கவில்லை, ஆனால் எடுக்காமல் எங்கும் கிளம்புவதுமில்லை.